துறைமுகமும் பல்கலைக்கழகமும்

துறைமுகங்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் கப்பல்களை எண்ணியிருக்கின்றனர், பீரங்கிகளை எண்ணியிருக்கின்றனர், கொடிகள் ஏறியதையும் இறங்கியதையும் நாள் தவறாமற் குறித்து வைத்திருக்கின்றனர். அத்துறைமுகத்தை அண்டிக் கரைவலை இழுத்தும், வயல் விதைத்தும், தளத்திற் கூலிவேலை செய்தும் வாழ்ந்த மக்களின் பிள்ளைகள் எந்த வகுப்பு வரை படித்தார்கள், அதற்குமேல் ஏன் படிக்கவில்லை என்ற கணக்கை எழுதியோர் மிகச் சிலரே. திருகோணமலையைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு ஒரு மாவட்டத்தின் கணக்கோடு நின்றுவிடாது. இலங்கையின் பொது உயர்கல்வி யாருக்காகத் தோன்றியது, யாரிடம் வந்து சேர்ந்தது, யாரை வாசலில் நிறுத்தியது என்பதையெல்லாம் அது காட்டிக் கொடுக்கும்.

போர்த்துக்கேயர் பதினேழாம் நூற்றாண்டிற் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கல்லைக் கொண்டே கோட்டை எழுப்பினர். பின்பு ஒல்லாந்தர் வந்தனர். பிரெஞ்சுக்காரர் வந்து போயினர். 1795இல் வந்த ஆங்கிலேயர் நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேல் இருந்துவிட்டனர். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன் சீனக்குடாவை அடுத்த காட்டில் ஏறத்தாழ நூறு எண்ணெய்க் குதங்களை அவர்கள் நிறுவினர். 1942 ஏப்ரில் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தின்மீது குண்டு வீசின. அதே ஆண்டு ஜூலையிற் கொழும்பில் இலங்கைப் பல்கலைக்கழகம் சட்டப்படி தோன்றியது. அதற்கு முன் 1921 முதல் இருந்தது, லண்டன் பரீட்சைகளுக்கு மாணவரைத் தயார் செய்த பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றே. புதிய பல்கலைக்கழகம் 904 மாணவருடன் ஆரம்பித்தது. நூறு குதங்கள் கட்டப் பணம் இருந்த சாம்ராச்சியம், ஒரு தீவு முழுவதற்குமாக ஆயிரம் பேர்கூட இல்லாத ஒரு கலாசாலையை, தான் வந்து நூற்றைம்பது ஆண்டுகள் ஆகும் தறுவாயிலேதான் திறந்துவைத்தது.

துறைமுகப் பட்டினத்திற் பாடசாலைகள் இல்லாமலில்லை. பாதிரிமார் நடத்திய பாடசாலைகள் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் சைவப் பெருமக்கள் தொடங்கிய பாடசாலை, பின்பு இராமகிருஷ்ண மிஷனின் பராமரிப்பில் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. 1920களின் பிற்பகுதியில் அதன் பொறுப்பை ஏற்றிருந்தவர் விபுலானந்த அடிகள். காரைதீவிற் பிறந்து, லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்று, துறவு பூண்டு, கிழக்கிலங்கையின் ஏழைப் பிள்ளைகளுக்காகப் பாடசாலை பாடசாலையாக நடந்த அந்த மனிதர், 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராகச் சிதம்பரம் சென்றார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் றமிழ்ப் பேராசிரியராகக் கொழும்பு சென்றார். ஆசிரியர்க்கே இந்த நிலை எனில் மாணவர் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. திருகோணமலையிற் படித்தவன் மேலே படிக்க ஊரை விட்டே போகவேண்டும். போவதற்குப் பணம் வேண்டும், ஆங்கிலம் வேண்டும். மூதூரிலும் கிண்ணியாவிலும் குச்சவெளியிலும் இவ்விரண்டும் எத்தனை வீடுகளில் இருந்திருக்கும்?

1945இல் இலவசக் கல்வி வந்தது. கன்னங்கரா தலைமையிலான விசேட குழு 1943இல் வெளியிட்ட அறிக்கையின் பயனாக, பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமின்றிக் கற்கும் உரிமை இந்நாட்டு மக்களுக்குக் கிடைத்தது. ஆசியாவிலே அக்காலத்தில் இதற்கு இணையான ஏற்பாடுகள் அரிது. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளை அது நெடுங்காலம் எட்டவில்லை என்ற பெருங்குறையைச் சொல்லியே ஆகவேண்டும். ஆயினும் அதன் சிறப்பைக் குறைத்துப் பேசுவோர் வரலாறு அறியாதவர். மத்திய கல்லூரிகள் 54 எழுந்தன. கிராமத்துப் பிள்ளை முதன்முதலாக உயர்தர வகுப்பின் வாசலைக் கண்டது.

ஆனால் கட்டணத்தை நீக்குவது ஒன்று, தூரத்தை நீக்குவது வேறொன்று. சர் ஐவர் ஜெனிங்ஸ் மாணவர் அனைவரும் தங்கிப் பயிலும் பல்கலைக்கழகத்தையே இலட்சியமாகக் கொண்டார். ஒக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் அவர் மனத்தில் இருந்தன. 1952இற் பல்கலைக்கழகம் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. அழகான இடம், அழகான கட்டிடங்கள். அவ்வளாகத்தின் ஓரமாக ஓடும் மகாவலி கங்கை, மலைகளைச் சுற்றி வளைந்து, கொட்டியாரக் குடாவிலே, மூதூருக்கு அருகில் கடலோடு சேர்கிறது. ஆறு வந்து சேரும் அந்தக் கரையிலிருந்து அது புறப்பட்ட இடத்துக்குப் படிக்கச் சென்றோரை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலைதான் நெடுங்காலம் இருந்தது.

மூதூர், கிண்ணியாப் பகுதிகளைப் பற்றி அறியாதார்க்கு ஒன்று கூறவேண்டும். அது நீரால் அறுக்கப்பட்ட நாடு. உப்பாறுகளும் களப்புகளும் கிராமத்தைக் கிராமத்திலிருந்து பிரிக்கின்றன. அவற்றைக் கடக்க உதவும் மிதவைக்கு அங்குள்ளோர் இட்ட பெயர் ‘பாதை’. தரைவழி இல்லாத மக்கள் தம் நீர்வழிக்கே அப்பெயரைச் சூட்டிவிட்டனர். பட்டினத்திலுள்ள கல்லூரிக்குச் செல்லும் மாணவன் பாதை ஏறியே போகவேண்டும். கிண்ணியாவின் பெரிய பாலம் 2009 ஒக்டோபரிலேதான் திறக்கப்பட்டது.

திருகோணமலையில் ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது 1950களில். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு ஆகஸ்டில் தமிழரசுக் கட்சி தன் மகாநாட்டைத் திருகோணமலையிற் கூட்டிற்று. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் தொண்டர்கள் கால்நடையாக வந்து சேர்ந்தனர். 1957 ஜூலையில் ஏற்பட்ட பண்டாரநாயக்கா - செல்வநாயகம் ஒப்பந்தம், பிரதேச சபைகளுக்கு உரிய அதிகாரங்களிற் கல்வியையும் சேர்த்திருந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 15ஆம் திகதி பிரிட்டிஷ் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. ஏகாதிபத்தியம் வெளியேறியது என்று நாடு மகிழ்ந்தது; மகிழ்ந்தது முறையே. ஆனால் தளத்தை நம்பி வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்களுக்கு அது வேலை போன நாளுமாயிற்று. வெறுமையாகிப்போன ஒரு துறைமுகம், கட்டிடங்கள், நிலம், வேலையற்ற மக்கள், மும்மத மக்களும் கலந்து வாழும் ஒரு மாவட்டம் இவையாவும் இருந்தன. ஒரு பொதுப் பல்கலைக்கழகத்தைத் தொடங்க இதைவிடப் பொருத்தமான காலம் வந்திராது. அடுத்த ஆண்டு ஏப்ரிலில் ஒப்பந்தம் கிழித்தெறியப்பட்டது. மே மாதம் இனக் கலவரம் மூண்டது.

அதே 1958இல் வித்தியோதய, வித்தியாலங்காரப் பிரிவேனாக்களைப் பல்கலைக்கழகங்களாக்கும் சட்டம் வந்தது. பௌத்த பிக்குகளின் பழம்பெருங் கல்விநிலையங்கள் அவை. அவற்றுக்கு மதிப்பளித்ததிற் குற்றமில்லை. ஆனால் ஒரு மதத்தின் பெயரால் இரு பல்கலைக்கழகங்கள் எழுந்ததும், மறுபக்கத்திலே ‘எமக்கும் ஒன்று’ என்ற குரல் மதத்தின் பெயராலேயே எழுந்தது. யாழ்ப்பாணத்தில் இந்துப் பல்கலைக்கழகம் வேண்டும் என்றனர் ஒருசாரார். ஜி. ஜி. பொன்னம்பலத்தின் தமிழ்க் காங்கிரசார் இப்பக்கம் நின்றனர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் நிறுவிய பரமேசுவரக் கல்லூரி அதற்கு இயல்பான இடமாகத் தோன்றியது. திருகோணமலையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் வேண்டும் என்றனர் மறுசாரார். செல்வநாயகத்தின் தமிழரசுக் கட்சி இப்பக்கம் நின்றது. யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் அமைந்த நகர். தமிழ் பேசும் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் மூவர்க்கும் உரிய நகர் என்பது அவர்கள் வாதம்.

இவ்விரண்டில் இரண்டாவது வாதமே மேலானது என்பதில் எமக்கு ஐயமில்லை. கிண்ணியாவின் முஸ்லிம் மாணவனும் பாலையூற்றின் கத்தோலிக்க மாணவியும் ‘இந்து’ என்ற பெயர்ப்பலகையின்கீழ் எந்த உரிமையோடு நுழைவர்? ஆனால் இதையும் சொல்லவேண்டும்: இரு சாராரும் பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பேசியதைவிட அதன் பெயரையும் ஊரையும் பற்றிப் பேசியதே அதிகம். திருகோணமலை மாவட்டத்தில் உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் கற்பிக்கும் பாடசாலைகள் எத்தனை, ஆய்வுகூடங்கள் எத்தனை, ஆசிரியர் எத்தனை பேர் என்ற கேள்விகள் மேடையில் ஒலித்தது குறைவு. மேடைக்கு அவை சுவையற்ற கேள்விகள்.

1965இற் டட்லி சேனநாயக்காவின் தேசிய அரசாங்கம் அமைந்தபோது, தமிழரசுக் கட்சியும் தமிழ்க் காங்கிரசும் ஒருங்கே அதை ஆதரித்தன. பல்கலைக்கழகம் பெறுவதற்கு ஒரு வாய்ப்பு மீண்டும் வந்தது எனலாம். ஊர்ச் சண்டை ஓயவில்லை. கேட்போர் இரண்டு குரலிற் கேட்டால் கொடுக்க விருப்பமில்லாதவனுக்கு அதைவிட வசதி ஏது? அரசாங்கத்தின் தயக்கத்துக்கு வேறு காரணமும் உண்டு. கந்தளாய், அல்லை முதலான குடியேற்றத் திட்டங்களால் மாவட்டத்தின் சனத்தொகை மாறிக்கொண்டிருந்த காலம் அது. துறைமுக நகரிலே தமிழ்ப் பல்கலைக்கழகம் என்பது கொழும்பின் கண்ணுக்குக் கல்விக் கோரிக்கையாகத் தோன்றவில்லை, நிலவுரிமைக் கோரிக்கையாகவே தோன்றியது. கோணேசர் கோயிற் சூழலைப் புனித பிரதேசமாக்குவது பற்றி ஆராயக் குழுவொன்று அமைத்ததற்கே எதிர்ப்பு வந்து, குழுவைப் பிரதமர் நிறுத்திவைக்க, அமைச்சர் திருச்செல்வம் 1968இற் பதவி துறந்தார். கோயிலுக்கே இந்நிலை. பல்கலைக்கழகப் பேச்சு எங்கே எடுபடும்? ஆனால் துறைமுகத்துள் உயர் பயிற்சி நிலையம் ஒன்று அக்காலத்தில் வேரூன்றத்தான் செய்தது. அது 1967இல் நிறுவப்பெற்ற கடற்படைப் பயிலகம்.

இதற்கிடையில் நாட்டின் உயர்கல்வி வேறொரு நெருக்கடியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 1960 முதற் கலைப்பாடங்கள் சிங்களத்திலும் தமிழிலும் கற்பிக்கப்படலாயின. சுயபாஷையிற் பல்கலைக்கழகக் கல்வி என்பது மகத்தான வெற்றி. கிராமத்துப் பிள்ளைகள் திரண்டு வந்தனர். 1960களின் நடுவில் மாணவர் தொகை பத்தாயிரத்தைக் கடந்துவிட்டது. ஆனால் வந்தவர்கள் பெரும்பாலும் கலைப்பிரிவுக்கே வந்தனர், ஏனெனில் அவர்கள் கிராமப் பாடசாலைகளில் விஞ்ஞானம் இருக்கவில்லை. மருத்துவமும் பொறியியலும் ஆங்கிலத்திலும், நகரத்துப் பெரிய கல்லூரிகளின் பிடியிலும் நிலைத்தன. பட்டம் பெற்றவன் வேலை தேடி அலைந்தான். 1971 ஏப்ரிலில் தென்னிலங்கை இளைஞர் ஆயுதம் ஏந்தினர். அவர்களிற் படித்தவர் எத்தனை பேர் என்பதைக் கண்டபின்னரே ஆட்சியாளர்க்கு உயர்கல்வியைப் பற்றி உண்மையான பயம் பிறந்தது.

அப்பயத்தின் குழந்தைதான் தரப்படுத்தல். 1971 அனுமதியின்போது பேராதனைப் பொறியியற் பீடத்துக்குச் சிங்கள மொழி மாணவர் 227 புள்ளி பெற்றாற் போதும். தமிழ் மொழி மாணவர் 250 பெறவேண்டும். மருத்துவத்துக்கு 229உம் 250உம். ஒரே பரீட்சை, ஒரே பீடம், இரண்டு அளவுகோல். இதை நியாயப்படுத்த எந்த வாதமும் இல்லை. தமிழ் இளைஞர் உள்ளத்தில் அது வைத்த தீ பிறகு என்னவெல்லாம் எரித்தது என்பதை நாம் அறிவோம். 1974இல் மாவட்ட ஒதுக்கீடு சேர்க்கப்பட்டது. யாழ்ப்பாணமும் கொழும்பும் இதனால் இழந்தன.

திருகோணமலையின் கதை இங்கேதான் யாழ்ப்பாணத்தின் கதையிலிருந்து பிரிகிறது. தமிழ் அரசியல் மேடைகளில் தரப்படுத்தல் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இதனைத் தொடுவதில்லை. மாவட்ட ஒதுக்கீட்டினால் திருகோணமலையும், மட்டக்களப்பும், மன்னாரும், வவுனியாவும் பயனடைந்தன. பின்பு கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களெனத் தனிப் பங்கு ஒதுக்கப்பட்டபோதும் அப்பட்டியலில் திருகோணமலை இடம்பெற்றது. ஆய்வுகூடமே கண்டிராத மூதூர் மாணவனையும், நகரத்திலே தனிவகுப்பு வசதிகளோடு படித்த மாணவனையும் ஒரே கோலால் அளப்பது சமத்துவமாகாது என்ற கொள்கையில் உண்மை இருக்கிறது. இடதுசாரிகள் அதை எதிர்க்க நியாயமில்லை. மொழியால் அளந்தது அநீதி. வசதியின்மையால் அளந்தது அவ்வாறன்று. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்ததனால், ஏழைத் தமிழ்ப் பிள்ளைக்கும் ஏழை முஸ்லிம் பிள்ளைக்கும் கிடைத்த சிறு நன்மையைப் பற்றி வாய்திறப்பதே துரோகம் என்றாகிவிட்டது.

ஆயினும் அரசின் நேர்மையை இதனால் யாரும் மெச்சவேண்டாம். பின்தங்கிய மாவட்டத்துக்கு ஒதுக்கீடு என்பது, ஆய்வுகூடங்களும் ஆசிரியரும் வந்து சேரும்வரை தாங்கிப்பிடிக்கும் முட்டுக்கோலாக இருந்திருக்க வேண்டும். முட்டுக்கோல் அரை நூற்றாண்டாக நிற்கிறது. வீடு கட்டி முடியவில்லை. இடங்கள் சிலவே, அந்தச் சிலவற்றை எவ்வாறு பங்கிடுவது என்று சிங்களவனும் தமிழனும், யாழ்ப்பாணத்தானும் மட்டக்களப்பானும் சண்டையிட்டுக்கொண்டிருக்க, பானை ஏன் இவ்வளவு சிறிது என்ற கேள்வியிலிருந்து அரசுகள் தப்பிக்கொண்டன.

1974 ஒக்டோபரில் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. பரமேசுவரக் கல்லூரி அமைந்த இடத்திலேயே. அதன் முதற் றலைவர் க. கைலாசபதி. திருகோணமலைக் கோரிக்கையை மழுங்கடிக்கும் தந்திரம் இது என்று தமிழரசுக் கட்சியினர் எதிர்த்தனர். விழாவுக்கு வந்த பிரதமருக்குக் கறுப்புக்கொடி காட்டப்பட்டது. அரசின் நோக்கம் பற்றி அவர்கள் கொண்ட ஐயத்திற் பொருளுண்டு. எனினும் கிடைத்ததை ஏற்று வளர்த்த கைலாசபதியின் முடிவையே வரலாறு சரியென்று காட்டிற்று. இன்று வடபகுதியின் அறிவு வாழ்வை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியாது.

கிழக்குக்கு முறை வந்தது 1981இல், வந்தாறுமூலையில் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரியாக. 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. திருகோணமலைக்கு எதுவுமில்லை. பிறகு தென்னிலங்கையில் 1980களின் இறுதியில் இளைஞர் கிளர்ச்சி மறுபடியும் வெடித்தது. இளைஞர் விரக்தியை ஆராய்ந்த சனாதிபதி ஆணைக்குழு 1990இல் அறிக்கை தந்தது. அதன்பின் மாகாணந்தோறும் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரிகள் என்ற ஏற்பாடு வந்தபோதுதான் துறைமுக மாவட்டத்தில் உயர்கல்விக்கு ஒரு சிறு வித்து விழுந்தது. தெற்கிலே அவ்வித்துகள் சில ஆண்டுகளிலேயே ரஜரட்ட, சப்ரகமுவ, வயம்பப் பல்கலைக்கழகங்களாக முளைத்தன. திருகோணமலையில் விழுந்தது, யுத்தத்தினிடையே தடுமாறி, 2001இற் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகமாயிற்று. நிலாவெளியை அடுத்த கோணேசபுரியில், தொடர்பாடலும் வணிகமும், பிரயோக விஞ்ஞானமும், சித்த மருத்துவமும் கற்பிக்கும் இடமாக அது வளர்ந்தது. 1956இற் கேட்டது 2001இல் வந்தது. அதுவும் கிளையாக வந்தது. ஆனால் இன்னொரு மாற்றமும் நேர்ந்தது. தமிழ்ப் பல்கலைக்கழகமாகவோ இந்துப் பல்கலைக்கழகமாகவோ தோன்றாமல், தமிழ், முஸ்லிம், சிங்கள மாணவர் ஒரே கூரையின்கீழ் அமரும் பொது நிறுவனமாக அது தோன்றியது. அக்காலத்து மேடைகளில் எவரும் இதைக் கேட்கவில்லை.

வாசலுக்கு வந்தவர்க்கும் உயிருக்கு உறுதி இருந்ததா? 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, திருகோணமலைக் கடற்கரையில், காந்தி சிலைக்கு அருகே கூடியிருந்த மாணவர் ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். உயர்தரப் பரீட்சையை முடித்துப் பல்கலைக்கழகக் கல்வியை நோக்கி நின்ற, இருபது வயதளவினரான பிள்ளைகள். குண்டு வெடிப்பில் இறந்தனர் என்றுதான் முதலிற் சொல்லப்பட்டது. அவர்களின் உடலிலிருந்த துப்பாக்கிக் காயங்களைப் படம்பிடித்து வெளியிட்ட பத்திரிகையாளரும் அந்த மாதமே கொல்லப்பட்டார். குற்றஞ்சாட்டப்பட்ட விசேட அதிரடிப் படையினர் பதின்மூவரும் 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டனர். எத்தனை தரப்படுத்தல்களைத் தாண்டி, எத்தனை இரவுகள் விழித்துப் படித்து, ஒரு பின்தங்கிய மாவட்டத்துப் பெற்றோர் ஒரு பிள்ளையை அந்த இடம் வரை கொண்டுவந்திருப்பர் என்பதை எந்த நீதிமன்றப் பதிவேடும் குறித்து வைக்கவில்லை.

யுத்தம் 2009இல் முடிந்தது. கல்விக்குச் செலவிடப் பணமில்லை என்ற பேச்சு முடியவில்லை. 2012இற் பல்கலைக்கழக ஆசிரியர்கள் நாடெங்கும் மூன்று மாதங்களுக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தனர். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆறு வீதத்தைக் கல்விக்கு ஒதுக்குக என்பது அவர்கள் கோரிக்கை. அப்போது அரசு ஒதுக்கியது இரண்டு வீதத்தையும் எட்டவில்லை. சம்பளக் கோரிக்கையைப் பின்தள்ளி இக்கோரிக்கை முன்னே நின்றது அப்போராட்டத்தின் பெருமை. யாழ்ப்பாணத்து விரிவுரையாளரும் உருகுணை விரிவுரையாளரும் ஒரே பதாகையின்கீழ் நின்றனர் என்பதும் குறிக்கத்தக்கது. 2020ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையிற் பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெற்றோர் 1,94,297 பேர். அனுமதி பெற்றோர் ஏறத்தாழ 44 ஆயிரம். எஞ்சியோரிற் பணமுள்ளோர் தனியார் நிறுவனங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் போயினர். பணமில்லாதோர்க்கு வெளிவாரிப் பட்டம், கட்டார், சவூதி.

2021 ஆகஸ்டில் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமாக உயர்த்தப்பட்டது. திருகோணமலை வளாகமாகவே நின்றது. அந்த ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி காலை, கிண்ணியாவில், குறிஞ்சாக்கேணிக் களப்பின்மீது புதிய பாலம் கட்டுவதற்காகப் பழைய வழி மூடப்பட்டிருந்தது. மக்கள் பழையபடி பாதையில் ஏறினர். பாதை நடுநீரிற் கவிழ்ந்தது. ஆறு உயிர்கள் அன்றே போயின. அவர்களிற் சிலர் பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள்.